முதல் டம்ளர்

மாராத்தாளுக்குப் பிறந்த வீட்டில் எல்லா உரிமையும் உண்டு. கூடத்து ஊஞ்சலில் ஆடலாம், அடுப்படியில் நின்று கதையளக்கலாம், அப்பாவோடு சரிக்குச் சரி வாதாடலாம். கழிப்பறைக்குப் போக மட்டும் கூடாது. அதற்கு, தெருக்கோடியில் விருந்தாளிகளுக்கென்று கட்டிவைத்திருக்கும் அறைவரை வெயிலில் நடக்க வேண்டும். அந்த அறையின் குழாய் ஊர்ச் சாக்கடையில் போய்ச் சேரும். வீட்டுக் கழிப்பறையின் குழாயோ ஐந்து தெருவுக்குச் சொந்தமான சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே சுத்தமாகி, அதே வீட்டின் குடிநீர்க் குழாயில் திரும்பி வரும். உள்ளே போவதுதானே வெளியே வரும்? அதனால் உள்ளே போவது யாருடையது என்பதில் ஐந்து தெருக்காரர்கள் வெகு கறாராக இருந்தார்கள்.

சூரப்பாளையத்தில் ஆறு என்று ஒன்று ஓடியதற்கு இப்போது பாலம் மட்டும்தான் சாட்சி. ஆறு போனது, பிறகு அணை போனது, ஆழ்குழாய்க் கிணறுகள் வெறும் காற்றைக் கக்கின. கடைசியில் ஊர்ச் சாக்கடையையே சுத்திகரித்துக் குடிப்பது என்று முடிவானபோது சனங்கள் முகத்தைச் சுளித்தார்கள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். தாகம் வந்தபோது அந்தச் சுளிப்பும் பறந்துபோனது. ஆனால் மனுசப் புத்தி லேசுப்பட்டதா? அழுக்கைச் சுத்தம் செய்து குடிக்கச் சம்மதித்த பிறகு, யாருடைய அழுக்கு என்ற கேள்வி கிளம்பியது. மேட்டுப் பகுதியில் ஒரே வகையறாவைச் சேர்ந்தவர்கள் குடியிருந்த ஐந்து தெருக்கள் ஒன்றுகூடிச் சங்கம் வைத்தன. ஊர் நிலையத்தில் இருக்கிற அதே கருவிகளைச் சின்ன அளவில் வாங்கித் தங்களுக்கென்று தனி நிலையம் கட்டிக்கொண்டன. எங்கள் தண்ணீர் எங்களுக்கு, உங்கள் தண்ணீர் உங்களுக்கு. சட்டத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லை. சட்டத்தின் ஓட்டைகளைத் தேடிக் கொடுத்தவர் மாராத்தாளின் அப்பா, வக்கீல் ரித்தீஷ்.

அவர் தலைமுறையில் எல்லாருக்குமே ரித்தீஷ், தர்ஷன், ஹன்சிகா என்றுதான் பெயர். அந்தக் காலத்துப் பெயர்கள். பிள்ளைகளுக்கு மாராத்தாள், செல்லக்கிளி, வேலப்பன் என்று வைப்பதுதான் பின்னால் நாகரிகமாகிவிட்டது. பழம்பெயர்க்காரரான ரித்தீஷ், சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். அவருடைய மகளோ ஊர் நிலையத்தில் நீர் வேதியியலாளராக வேலைக்குச் சேர்ந்தாள். அது போதாதென்று ஊர்ப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்த வேலப்பனைக் காதலித்துக் கல்யாணமும் செய்துகொண்டாள். அவன் வேறு வகையறா. அன்றிலிருந்து ஐந்து தெருவில் அவளுக்கு 'தண்ணி மாறினவ' என்று பட்டம். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. பண்டிகைக்குக் கூப்பிடுவார்கள், சேலை எடுத்துக் கொடுப்பார்கள். கழிப்பறைக்கு மட்டும் தெருக்கோடி.

ஊர் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. சனங்கள் பயந்துகொண்டிருந்த ஆரம்ப நாட்களில் ஏற்பட்டது. தினமும் காலையில் முறைவேலையில் இருக்கும் வேதியியலாளர், நிலையத்தின் வாசலுக்கு வந்து, கூடியிருப்பவர்கள் பார்க்க, அன்றைய தண்ணீரில் முதல் டம்ளரைக் குடிக்க வேண்டும். பயம் போய் வருஷங்கள் ஆன பிறகும் வழக்கம் போகவில்லை. கோயில் தீர்த்தத்துக்கு நிற்பதுபோலப் பத்துப் பேராவது நின்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். குடித்தது போக ஜக்கில் மீதமிருக்கும் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சோதனைக் கருவியில் ஊற்றுவார்கள். "இதுதான் சுத்தம், இதிலிருந்து கணக்கை ஆரம்பி" என்று கருவிக்குச் சொல்லுவதற்காக. அதைச் சைபர் வைப்பது என்பார்கள். முன்பெல்லாம் சைபர் வைக்க வெளியூரிலிருந்து தனியாகப் புட்டியில் தண்ணீர் வரும். ஒருமுறை புட்டி வரத் தாமதமானது. நம் தண்ணீரைவிடச் சுத்தமானது எங்கே இருக்கிறது என்று யாரோ பெருமையாகச் சொன்னார்கள். அதன்பிறகு புட்டி வாங்குவதையே விட்டுவிட்டார்கள். மாராத்தாளுக்கும் அந்தப் பெருமை உண்டு. முதல் டம்ளரை அவள் ஒரே மூச்சில் குடிப்பாள்.

கதை ஆரம்பித்தது அவளுடைய தம்பி மனைவி செல்லக்கிளியின் கட்டுச்சோற்று விருந்தில்.

தம்பி நந்தன் வடக்கே காற்றாலை வேலையில் இருந்தான். செல்லக்கிளிக்கு ஏழாம் மாதம். பிறந்த வீட்டார் அடுத்த தெருவிலிருந்தே புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு என்று அண்டா அண்டாவாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் வைத்ததும் மாராத்தாளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உப்பு. கைதவறிப் போட்ட உப்பு அல்ல. புளிச்சோற்றில் உப்பு, எலுமிச்சைச் சோற்றில் உப்பு, வாயில் வைக்க முடியாத உப்பு. பக்கத்து இலைகளைப் பார்த்தாள். எல்லாரும் ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் யாருக்கும் தெரியாமல் தயிரை எடுத்து ஊற்றிப் பிசைந்தாள். அப்படியும் இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

பந்தியை மேற்பார்வை பார்த்துக்கொண்டு வந்த அப்பா அவள் இலை முன்னால் நின்றார்.

"ஏனம்மிணி, பெசஞ்சுட்டே உக்காந்திருக்கற?"

"கொஞ்சம் உப்பு தூக்கலா இருக்குதுங்கப்பா."

"உப்பா? சப்புனு இருக்குதுன்னு நானே இப்பத்தான் சமையக்காரரைச் சத்தம் போட்டுட்டு வர்றேன். உங்க ஊட்ல பத்தியச் சோறு தின்னு பழகிட்ட நீ."

அவள் சிரித்து வைத்தாள். ஆனால் அந்தப் 'பத்தியச் சோறு' மனசில் மாட்டிக்கொண்டது. கல்யாணமான புதிதில் வேலப்பன் வீட்டுச் சாப்பாடு அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று அவனைக் கேலி செய்துகொண்டே, தன் தட்டில் தனியாக உப்பு வைத்துக்கொள்வாள். சில மாதங்களில் அந்தப் பழக்கம் தானாகவே போய்விட்டது. ஊருக்கு ஒரு சமையல், வகையறாவுக்கு ஒரு ருசி என்று அப்போது விட்டுவிட்டாள். ஒரு ஆள் ஒரு ருசியிலிருந்து இன்னொரு ருசிக்கு மாறலாம். ஆனால் இவ்வளவு உப்பைச் சப்பென்று சொல்லும் அளவுக்கு ஐந்து தெருவின் நாக்கும் ஒரே பக்கமாக நகருமா?

கை கழுவிவிட்டு உள்ளறைக்குப் போனாள். செல்லக்கிளி கை நிறைய வளையலோடு கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் பெரிய சொம்பு. முகம் வாடியிருந்தது. என்னவென்று கேட்டதும் அழுதுவிட்டாள். பனிக்குடத்து நீர் குறைந்துகொண்டே போகிறதாம். டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னாராம். இன்னும் குறைந்தால் குழந்தைக்கு ஆபத்து, மாதம் ஆகும் முன்பே அறுத்து எடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னாராம்.

"மாமா பக்கத்துல நின்னு சொம்பு சொம்பாக் குடிக்க வெக்கறாருங்க அண்ணி. நானும் வகுறு உப்பறவரைக்கும் குடிக்கறேன். குடிக்கக் குடிக்கக் கொறையுதுன்னா, அது எங்கீங்க போகுது?"

நல்ல கேள்வி என்று மாராத்தாளுக்குத் தோன்றியது. அவளைத் தேற்றிவிட்டு, சொம்புத் தண்ணீரில் ஒரு பாட்டில் பிடித்துத் தரச் சொன்னாள். ஐந்து தெருத் தண்ணீர் வெளியே போவதற்குத் தடை கிடையாது. வெளியே இருப்பது உள்ளே வரத்தான் தடை.

மறுநாள் முதல் டம்ளரைக் குடித்து, மீதியை ஊற்றிச் சைபர் வைத்துவிட்டு, பாட்டில் தண்ணீரைக் கருவியில் செலுத்தினாள். அரசாங்கம் பார்க்கச் சொல்லும் கிருமிகள், உலோகங்கள், உப்புகள், பூச்சிமருந்துகள் எல்லாவற்றுக்கும் பச்சை விளக்கு எரிந்தது. ஐந்து தெருத் தண்ணீர் பத்தரை மாற்றுத் தங்கம். வேறொருத்தியாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பாள். மாராத்தாளுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. கருவி எதைத் தேடச் சொல்கிறோமோ அதை மட்டும் தேடும் என்பது அவளுக்குத் தெரியும். பட்டியலை எடுத்துவிட்டு, இரண்டு தண்ணீருக்கும் நடுவே எது வித்தியாசமோ அதையெல்லாம் காட்டு என்று மாற்றிக் கேட்டாள்.

திரையில் தட்டையாக ஓடிய கோடு ஓரிடத்தில் நெட்டுக்குத்தாக எழுந்து நின்றது. அது என்ன சரக்கு என்று தேடிப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் சிரிப்பு நின்றது.

அன்று அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த வேலப்பனிடம் அதைச் சொன்னாள்.

"சாந்தி மாத்திரைங்க."

"ரத்தக்கொதிப்புக்குப் போடறதா? எங்க பள்ளிக்கூடத்துல வாத்தியாருங்க முக்காவாசிப் பேர் அதைத்தான் போடறாங்க."

"அதேதான். வாரத்துக்கு ஒண்ணு போட்டாப் போதும்னு பெருமையாச் சொல்றாங்கள்ல? ஏன் போதும்? அது ஒடம்புல ஒடையறதே இல்லை. போட்டபடியே முழுசா வெளிய வந்துரும். ரொம்பச் சின்னச் சரக்கு, நம்ம சல்லடைச் சவ்வுலயும் கொஞ்சம் நழுவிரும்."

"நழுவினா என்ன? துளியூண்டுதானே?"

"கெணத்துல ஒரு பிடி உப்பைப் போட்டாத் தெரியாது. சொம்புல போட்டா? அஞ்சு தெருவுத் தண்ணி சொம்புங்க. அந்தச் சொம்புலயே குடிச்சு, அதுலயே கழிச்சு, மறுபடி அதையே குடிக்கறாங்க. ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சங் கொஞ்சமா ஏறியிருக்குது."

அவன் அரிவாள்மனையை நிறுத்திவிட்டு யோசித்தான். உப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டான். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை அவள் நீட்டினாள். சிலருக்கு உப்புச் சுவை மங்கலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. நாக்கு மங்கினால் உப்புக் கூடும். உப்புக் கூடினால் கொதிப்பு ஏறும். கொதிப்பு ஏறினால் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். கூட்டிய மாத்திரையும் குழாய் வழியாகத் திரும்பி வந்து இன்னும் நாலு நாக்கை மங்கவைக்கும். செக்குமாடுபோல ஐந்து தெருவும் சுற்றிக்கொண்டிருந்தது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை, ஏனென்றால் எல்லார் நாக்கும் ஒன்றுபோல மங்கியிருந்தது.

"அதுக்குக் கீழ படிங்க" என்றாள் மாராத்தாள். அவள் குரல் மாறியிருந்தது.

கருவுற்ற பெண்கள் இந்த மருந்தைத் தொடக் கூடாது, பனிக்குட நீர் வற்றும் என்று எழுதியிருந்தது. செல்லக்கிளி மாத்திரை எதுவும் போடவில்லை. சொம்பு சொம்பாகக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம தண்ணியில இது எவ்வளவு இருக்குது?" என்று வேலப்பன் கேட்டான்.

"சைபர்" என்றாள் அவள். கருவி அப்படித்தான் சொல்லியிருந்தது.

விடிந்ததும் அப்பா வீட்டுக்குப் போனாள். ரித்தீஷ் வக்கீல் தொழிலை விட்டுப் பல காலமாகியும் குறுக்கு விசாரணையை விடவில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு ஆரம்பித்தார். தண்ணீரில் அரசாங்கம் பார்க்கச் சொன்னதெல்லாம் சரியாக இருக்கிறதா? இருக்கிறது. இந்த மருந்துக்கு வரம்பு எவ்வளவு? வரம்பு வைக்கவில்லை, யாரும் இதைத் தேடவில்லை. அப்படியானால் வரம்பை மீறவில்லை. மாராத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டு, ஊர் நிலையத்துக்கும் ஐந்து தெரு நிலையத்துக்கும் நடுவே அவசரத்துக்கென்று போட்ட இணைப்புக் குழாயை நினைவுபடுத்தினாள். அதன் வால்வு ஒருநாளும் திறந்ததில்லை. சாவி அவரிடம்தான் இருந்தது. அதைத் திறந்து இரண்டு தண்ணீரையும் கலந்துவிட்டால் மருந்து தேய்ந்துபோகும் என்றாள்.

"எங்க தண்ணியில எங்க மாத்திரைதானே அம்மிணி இருக்குது? ஊரான் அழுக்கு இல்லையே."

"வகுத்துல இருக்கற புள்ளைக்கு அது யாரு மாத்திரைன்னு தெரியுமுங்களா அப்பா?"

அவர் ஊஞ்சலைக் காலால் ஊன்றி நிறுத்தினார். சங்கத்தில் பேச வேண்டும், அவசரப்பட முடியாது, ஊர்த் தண்ணீரைக் கொண்டுவந்து செல்லக்கிளிக்குக் கொடுத்தாலும் அது இந்த வீட்டுக் கழிப்பறை வழியாக எல்லார் குழாய்க்கும் போய்விடும் என்று பொதுவாகச் சொன்னார். வக்கீலின் மூளை அந்த நேரத்திலும் வேலை செய்ததை நினைத்து மாராத்தாள் வியந்தாள். அவளுக்கு வேதனையாகவும் இருந்தது.

எழுந்து வாசலுக்கு வந்தபோது, செல்லக்கிளி கதவோரத்தில் ஒரு பையோடு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வளையல் சத்தம் கேட்டு ரித்தீஷ் திரும்பிப் பார்த்தார்.

"நான் தண்ணி மாறிக்கறேனுங்க மாமா" என்றாள் செல்லக்கிளி. மாமனார் முன்னால் அவள் அவ்வளவு தெளிவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "கொழந்தை பொறந்தப்பறம் சேத்தறதும் சேத்தாததும் உங்க இஷ்டமுங்க."

அவள் மாராத்தாளின் வீட்டுக்குக் கிளம்பி வந்துவிட, அன்று மதியமே ஐந்து தெருவும் அமளிப்பட்டது. செல்லக்கிளியின் அம்மா மாராத்தாளின் வீட்டு வாசல்வரை வந்து, உள்ளே வராமல், அழுதுவிட்டுப் போனாள். நந்தன் வடக்கிலிருந்து கூப்பிட்டு முதலில் கத்தினான், பிறகு அக்கா சொல்வது நிஜந்தானா என்று மெல்லக் கேட்டான். அவளுக்கே உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. கணக்குச் சரியாக இருந்து காலம் தப்பியிருந்தால்? அண்ணி சொன்னாள் என்று வந்துவிட்ட பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஐந்து தெருவும் சாபம் விடும். அதைவிட, அவளே தன்னை மன்னிக்க மாட்டாள்.

செல்லக்கிளிக்கு முதல் நாள் சாப்பாடே இறங்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வீட்டில் உப்பே போடுவதில்லையா என்று கேட்டாள். வேலப்பன் உப்பு ஜாடியை அவள் பக்கம் தள்ளப் போனான். மாராத்தாள் தடுத்துவிட்டாள். வாரங்கள் போயின. ஒருநாள் ரசத்தை வாயில் வைத்த செல்லக்கிளி நிமிர்ந்து பார்த்து, இன்றைக்கு யார் சமைத்தது, கைப்பக்குவம் பிரமாதம் என்றாள். சமைத்தது என்றும்போல வேலப்பன்தான். அதே ரசம், அதே உப்பு. மாராத்தாள் எழுந்துபோய் அடுப்படிச் சுவரைப் பார்த்து நின்று அழுதாள். அந்த வாரத்து ஸ்கேனில் பனிக்குட நீர் ஏறியிருந்தது.

அடுத்த நாள் ரித்தீஷ் வந்தார். மகள் கல்யாணமாகிப் போன பிறகு அந்த வீட்டுப் படியை அவர் மிதித்ததில்லை. ஸ்கேன் தாளை வாங்கி வெகு நேரம் பார்த்தார். மருமகளின் தலையில் கை வைத்தார். பிறகு மகளைத் தனியே கூப்பிட்டு, மடியிலிருந்து வால்வுச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"தெறந்துரு கண்ணு. ஆனா யாருக்கும் சொல்ல வேண்டாம். அவங்க பாட்டுக்கு அவங்க தண்ணின்னு நெனச்சுக் குடிக்கட்டும். ஒடம்பும் தேறிரும், மானமும் தப்பிச்சுரும்."

எவ்வளவு சுலபமான வழி! ஒருவருக்கும் நோவில்லை. மாராத்தாள் சாவியைப் பார்த்தாள். தனக்குத் தெருக்கோடியைக் காட்டிய அத்தனை பேருக்கும் தெரியாமல் ஊர்த் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கலாம் என்ற குறும்பும் ஒரு கணம் எட்டிப் பார்த்தது. அதை அவள் மறைத்துக்கொள்ளவில்லை, கொஞ்சம் சிரித்துவிட்டாள். பிறகு சாவியை அப்பாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"குடிக்கறவங்களுக்குத் தெரியாம தண்ணியில நான் ஒண்ணையும் கலக்க மாட்டேனுங்கப்பா. நல்லதா இருந்தாலும் சரி."

ரித்தீஷ் அன்று கோபத்தோடுதான் போனார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தைக் கூட்டினார். ஊர்த் தண்ணீரை ஒரு சொம்பில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அவர் பேச்சு நீளமாக இருந்தது என்று பிறகு செல்லக்கிளியின் அம்மா வந்து சொன்னாள். ஊரார் தண்ணீர் நம்மைக் கெடுக்கும் என்று பயந்தோம், நம் தண்ணீரே நம்மைக் கெடுத்திருக்கிறது என்றாராம். சிலர் எழுந்து போனார்கள். ஒருவர், மகளுக்காகக் கட்சி மாறிவிட்டீர்களா என்று கேட்டார். மகளுக்காக இல்லை, பேரப்பிள்ளைக்காக என்று சொல்லிவிட்டு, ரித்தீஷ் சொம்பை எடுத்து எல்லாரும் பார்க்கக் குடித்தாராம். குடித்த கையோடு, இனி தன் வீட்டுக் கழிப்பறைக்கு யாரும் போகலாம் என்றும் அறிவித்தாராம். சபையில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று செல்லக்கிளியின் அம்மா நொடித்துக்கொண்டாள். அந்த மாதம் முடிவதற்குள் வால்வு திறந்தது.

குழந்தை மாதம் நிறைந்து பிறந்தது. பெண். பேர்வைக்கும் விருந்தை மாராத்தாளின் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். ஐந்து தெருவிலிருந்து பாதிப் பேராவது வந்திருந்தார்கள். கூச்சத்தோடு வந்தவர்கள் கூச்சம் தெளிந்து உட்கார்ந்தார்கள். ரித்தீஷ் வந்ததும் வராததுமாக, கழிப்பறை எந்தப் பக்கம் என்று உரக்கக் கேட்டுப் போய்விட்டு வந்தார். மாராத்தாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்த ஒரு காரியத்துக்காகவே அவர் வீட்டிலிருந்து அடக்கிக்கொண்டு வந்திருப்பார் என்று வேலப்பன் காதோடு சொன்னான்.

வேலப்பனுடைய பழைய நண்பர் சடையனும் வந்திருந்தார். அவர் இருப்பது மலைமேல். இன்னமும் மழை பெய்து, இன்னமும் ஓடை ஓடுகிற இடம் அது. குழந்தையைக் குளிப்பாட்ட ஓடைத் தண்ணீர் ஒரு கேன் நிறையச் சுமந்துகொண்டு வந்திருந்தார். அதைத் தொட்டுப் பார்க்கவே கூட்டம் கூடியது.

பந்தியில் எல்லாரும் ரசத்தைப் புகழ்ந்தார்கள். ரித்தீஷ் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். ஐந்து தெருக்காரர்கள் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை, அவர்கள் நாக்குகள் தேறிவிட்டன. பரிமாறிக்கொண்டே போன மாராத்தாள் சடையனின் இலைக்கு முன்னால் வந்தபோது நின்றாள். அவர் தலையைக் குனிந்தபடி, யாரும் கவனிக்கவில்லை என்ற நினைப்பில், ரசச் சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். ஒரு வாய் எடுத்தார். மெல்ல இன்னும் கொஞ்சம் தயிரை இழுத்துக்கொண்டார்.

"ரசம் எப்படீங்க அண்ணா இருக்குது?" என்றாள் அவள்.

"நல்லா இருக்குது அம்மிணி" என்றார் சடையன் அவசரமாக. "நாங்க மலையில கொஞ்சம் உப்புக் கொறச்சலாவே தின்னு பழகிட்டோம்."

மாராத்தாள் கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். பந்தியில் பேச்சும் சிரிப்பும் நடந்துகொண்டிருந்தன.

மறுநாள் காலை வழக்கத்துக்கு முன்பே நிலையத்துக்குப் போனாள். கேனின் அடியில் மிஞ்சியிருந்த ஓடைத் தண்ணீரைக் கொண்டுபோயிருந்தாள். அதை ஊற்றிக் கருவிக்குச் சைபர் வைத்தாள். பிறகு அன்றைய ஜக்கிலிருந்து ஊர்த் தண்ணீரைச் செலுத்தினாள். கோடு தட்டையாக ஓடியது. அதே இடத்துக்கு வந்ததும் எழுந்தது. சின்னதுதான், ஐந்து தெருவில் பார்த்ததில் சொற்பம். ஐந்து தெருவிலும் முதல் வருஷம் இப்படித்தான் சின்னதாக இருந்திருக்கும். கிணறு என்று அவள் சொன்னதும் ஒரு சொம்புதான், கொஞ்சம் பெரிய சொம்பு. இத்தனை நாளும் அந்தச் சொம்பிலிருந்தே எடுத்துச் சைபர் வைத்திருக்கிறாள்.

வாசலில் ஆட்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. டம்ளரை நிரப்பிக்கொண்டு வெளியே வந்தாள். வழக்கமான முகங்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பால்காரர். முன்வரிசையில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். அவளுக்கு ஆறு மாதம் இருக்கும். எல்லாரும் மாராத்தாளின் கையையே பார்த்தார்கள்.

அவள் டம்ளரைக் குடிக்காமல் படியில் வைத்தாள். ஒரு விஷயம் சொல்ல வேண்டும், கொஞ்ச நேரம் ஆகும், எல்லாரும் உட்காருங்கள் என்றாள்.